களைக்கொல்லி விஷமும் நுரையீரலும்: இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், புதுச்சேரி வட்டாரத்து ஆஸ்பத்திரி வராந்தாக்களில் களைக்கொல்லி குடித்தவரின் வீட்டார், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், லேப் டெக்னீசியன்கள், பயிற்சி மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். யாராவது இப்போதுதான் குடித்திருக்கிறார் என்றால் மூன்றாம் கேள்வியை மட்டும் படித்துவிட்டு வண்டி ஏறுங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

1. கிராமக்சோனும் பாராகுவாட்டும் ஒண்ணுதானா? எல்லாப் புல்லு மருந்தும் நுரையீரலக் கெடுக்குமா?

பாராகுவாட் என்பது களைக்கொல்லி மருந்தின் பெயர். கிராமக்சோன் அதை விற்கும் பெயர்களில் ஒன்று. வேறு பெயர்களிலும் கடையில் கிடைக்கிறது. லேபிளில் "பாராகுவாட் டைகுளோரைடு 24 சதவீதம் எஸ்எல்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். வரப்பிலும் கரும்புக் கொல்லையிலும் முந்திரித்தோப்பிலும் பச்சையாக நிற்பதை ஓரிரு நாளில் கருக்குவது இதுதான். லேபிளில் இருக்கும் முக்கோணம் மஞ்சள். சிவப்பு முக்கோணம் இல்லையே, அவ்வளவு மோசமாக இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மஞ்சளை நம்ப வேண்டாம். குடித்துவிட்டால், சிவப்பு முக்கோணம் போட்ட பல பூச்சிமருந்துகளை விட இதில் பிழைப்பது கடினம். பூச்சிமருந்துகள் பலவற்றுக்கு முறிவு மருந்து உண்டு, இதற்குக் கிடையாது.

எல்லாக் களைக்கொல்லியும் ஒன்றல்ல. கிளைபோசேட் குடித்தவருக்கு நுரையீரல் கெடுவது பெரும்பாலும் வாந்தி புரையேறி உள்ளே போவதால். டைகுவாட் பாராகுவாட்டின் நெருங்கிய உறவு. ஆனால் அது சிறுநீரகத்தையும் மூளையையும்தான் அதிகம் தாக்கும். 2,4-டி குடித்தவருக்குத் தசையும் நினைவும் பாதிக்கப்படும். நுரையீரலைத் தேடிப்போய்ச் சேர்ந்து, நாள்கணக்கில் தழும்பாக்குவது பாராகுவாட். இந்தப் பக்கம் பெரும்பாலும் அதைப் பற்றியது. பாட்டிலையோ லேபிளின் போட்டோவையோ கூட எடுத்துவரச் சொல்வது இதற்காகத்தான்.

2. தம்பி நல்லாத்தான் பேசறான், மூச்சும் சரியா இருக்கு. எதுக்கு இவ்ளோ அவசரம்?

பாராகுவாட் விஷத்தின் ஏமாற்றே இதுதான். முதல் நாள் வாயெரிச்சல், வாந்தி, தொண்டைவலி, அவ்வளவே. நினைவு தெளிவாக இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 காட்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் நாக்கில் வெள்ளையாகப் புண் படரும், சிறுநீர் குறையும், கண் மஞ்சளாகும். மூச்சுத்திணறல் பலருக்கு அதற்கும் பிறகு, முதல் வாரக் கடைசியிலோ இரண்டாம் வாரத்திலோதான் வரும்.

மருந்து உள்ளே போவதற்கு வாரம் பிடிப்பதில்லை. குடித்த இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். அடுத்த சில மணி நேரத்தில் நுரையீரலுக்குள் சேர்ந்துவிடும். திணறல் தொடங்கும்போது நாம் பார்ப்பது, முதல் நாளே நடந்து முடிந்ததன் விளைவை.

3. முதல்ல என்ன செய்யணும்? வாந்தி எடுக்க வைக்கலாமா?

வேண்டாம். இது தொண்டையையும் உணவுக்குழாயையும் அரிக்கும் மருந்து. வாந்தி எடுக்க வைத்தால் இரண்டாம் முறை அரிக்கும், புரையேறி நுரையீரலுக்கும் போகும். உப்புத்தண்ணீர், சாணித்தண்ணீர், முட்டை எதுவும் வேண்டாம். வாயைக் கொப்பளிக்க வையுங்கள், மருந்து பட்ட துணியைக் கழற்றி உடம்பை சோப்பு போட்டுக் கழுவுங்கள். 108-ஐ அழையுங்கள். கிட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியில் கரித்தூள் (விஷத்தை வயிற்றிலேயே ஒட்டிப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் சார்கோல்) கொடுக்க முடியுமோ முதலில் அங்கே போங்கள். விருத்தாசலத்திலிருந்து நேரே ஜிப்மர் என்று கிளம்பினால் வழியிலேயே பொன்னான நேரம் போய்விடும். முதல் டோஸ் உள்ளூரில் கொடுத்துவிட்டு அனுப்புவதுதான் சரி.

செவிலியருக்கு: நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு ஆக்டிவேட்டட் சார்கோல், பெரியவருக்கு 50 கிராம், குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 1 கிராம், தண்ணீரில் கரைத்து. அல்லது ஃபுல்லர்ஸ் எர்த் என்ற, விஷத்தை ஒட்டிப் பிடிக்கும் களிமண் தூளின் 15 சதவீதக் கரைசல், அதாவது ஒரு லிட்டரில் 150 கிராம். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொடுப்பதற்குத்தான் உண்மையான மதிப்பு. வயிற்றைக் கழுவுகிறேன் என்று அந்த நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். சந்தேகம் கேட்க எய்ம்ஸ் தேசிய விஷத் தகவல் மையம் 24 மணி நேரமும் இருக்கிறது: 1800 116 117.

இன்னொன்று. குடித்த மணியைக் கேட்டு, பரிந்துரைச் சீட்டின் மேல் மூலையில் பெரிதாக எழுதுங்கள். "காலையில்" என்று எழுதாதீர்கள், "காலை 7.30" என்று எழுதுங்கள். சரியாகத் தெரியாவிட்டால் "கடைசியாக நல்லபடி பார்த்தது 6.45, கண்டுபிடித்தது 8.10" என்றாவது எழுதுங்கள். கீழே வரும் எல்லா எண்ணும் இந்த ஒரு மணியைத்தான் நம்பி நிற்கிறது.

4. டாக்டருங்க 'மார்க்கர்' பாக்கணும்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன?

உடம்புக்குள் கண்ணால் பார்க்க முடியாத சேதத்தை வெளியே காட்டிக்கொடுக்கும் பொருள். இரத்தத்திலோ சிறுநீரிலோ அதை அளக்கலாம். பாராகுவாட்டில் மூன்று வகையைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முதல் வகை, விஷத்தையே அளப்பது: எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சொல்லும். இரண்டாம் வகை, பொதுவான சேதத்தை அளப்பது: கிரியேட்டினின் (சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவு), லாக்டேட் (திசுக்கள் திணறும்போது ஏறும் அமிலம்), கல்லீரல் நொதிகள். மூன்றாம் வகை, நுரையீரல் செல்களிலிருந்தே கசிந்து இரத்தத்துக்கு வரும் புரதங்கள்: எஸ்பி-ஏ, எஸ்பி-டி, கேஎல்-6, சிசி16.

முதல் நாள் முடிவெடுக்க உதவுவது முதல் இரண்டு வகையும். மூன்றாம் வகை பேசத் தொடங்குவது பிறகு. அவசரப் பிரிவில் நின்றுகொண்டு கேஎல்-6 ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதில் பயனில்லை.

5. சிறுநீர்ல பவுடர் போட்டா நீலமாகும்னு சொல்றாங்களே, அது எப்படி செய்யறது?

அது டைதயோனைட் சோதனை. 10 மி.லி. புதுச் சிறுநீரைப் பிளாஸ்டிக் குழாயில் எடுத்து, 2 கிராம் சோடியம் பைகார்பனேட், பிறகு 1 கிராம் சோடியம் டைதயோனைட் போட்டு மெல்லச் சாய்த்துக் கலக்க வேண்டும். பைகார்பனேட் காரத்தன்மைக்காக. அது இல்லாவிட்டால் நிறம் ஒழுங்காக வராது. லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் பாராகுவாட் இருந்தாலே இளநீலம் தெரியும். கூடக் கூட நிறம் அடர்ந்து மைக்கூட்டைப் போலக் கறுக்கும். டைகுவாட் என்றால் பச்சை. வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, மருந்து குடிக்காத ஒருவரின் சிறுநீரில் அதே பவுடர் போட்ட குழாயைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

குழாயைக் குலுக்கக் கூடாது, உடனே பார்த்து எழுத வேண்டும். குலுக்கினால் காற்று கலக்கும், மேல்மட்டத்திலிருந்து நீலம் வெளுத்துக்கொண்டே இறங்கும். சற்று நேரம் கழித்துப் பார்த்தவர் "நெகட்டிவ்" என்று எழுதிவிடுவார்.

இன்னொரு தவறு பவுடரில். வெல்லம் வெளுக்கப் போடும் ஹைட்ரோஸ் என்று நம் பக்கத்தில் தெரிந்த பொருள்தான் டைதயோனைட். ஈரம் பட்டால் செத்துவிடும். கடலூர், புதுச்சேரிக் கடற்காற்றில் மூடி தளர்ந்த டப்பா சில வாரத்திலேயே கட்டி தட்டிப்போகும். அதனால் சிறு டப்பாக்களாக வாங்கி, சிலிக்கா ஜெல் பையோடு இறுக மூடி வையுங்கள். ஒவ்வொரு முறையும் பாசிட்டிவ் கன்ட்ரோல் ஓட்டுங்கள்: கையுறை போட்டு 24 சதவீத மருந்தில் ஒரே ஒரு சொட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் வரும், அது தெளிவாக நீலமாக வேண்டும். அதுவே நீலமாகாவிட்டால் பவுடர் செத்தது. நோயாளியின் ரிசல்ட்டை எழுதாதீர்கள். இதற்கு லேப் தரப் பவுடரே வேண்டும், வெல்ல ஆலையில் கேட்டு வாங்க வேண்டாம்.

6. நிறம் வரலன்னா அவரு குடிக்கலன்னு அர்த்தமா?

அப்படி முடிவு கட்ட முடியாது. குடித்த அரை மணியில் எடுத்த சிறுநீரில் மருந்து இன்னும் வந்து சேர்ந்திருக்காது. ஆறு மணி நேரம் தாண்டிய பிறகும், நல்ல பவுடரில், கன்ட்ரோல் சரியாக வந்தும் நிறமில்லை என்றால் பெரிய அளவு உள்ளே போகவில்லை என்று ஓரளவு நிம்மதியாகலாம். அப்போதும் முதல் 24 மணி நேரத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். சிறுநீரே வராதவருக்கு நெகட்டிவ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவருக்கு இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். இளநீலம் வந்தாலே கைவிடத் தேவையில்லை. மைபோல் கறுத்தால் நிலைமை மோசம், சீக்கிரத்திலேயே வெளுத்துக்கொண்டு வந்தால் நல்லது. பிளாஸ்மாவிலேயே இந்தச் சோதனை நீலம் காட்டினால் உள்ளே போனது மிக அதிகம் என்று பொருள்.

7. மூச்சு வாங்குது, ஆனா ஆக்சிஜன் வைக்க மாட்டேங்கறாங்களே. ஏன்?

இந்தக் கேள்வி வராத வார்டு இல்லை. இதைக் கேட்பவரின் கோபம் நியாயமானது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஐந்தாம் கேள்வியின் குழாயை நினைத்துப் பாருங்கள். டைதயோனைட் பாராகுவாட்டுக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, நீலம் வருகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது, நீலம் போகிறது. பிடுங்கிய ஆக்சிஜன் சூப்பராக்சைடு என்ற நச்சாக மாறுகிறது. பாராகுவாட்டோ பழையபடியே நிற்கிறது, அடுத்த எலக்ட்ரானுக்குத் தயாராக.

நுரையீரலின் காற்றறைச் செல்களில் நடப்பதும் இதேதான். பாலிஅமீன்கள் என்ற இயற்கைப் பொருளை உள்ளே இழுக்க அந்தச் செல்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. பாராகுவாட்டின் வடிவம் அதை ஒத்திருப்பதால் அந்த வாசல் இதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் இருப்பதைப் போலப் பலமடங்கு நுரையீரலில் சேர்வது இதனால். உள்ளே போனதும் செல்லின் எலக்ட்ரான் சேமிப்பைக் காலி செய்துகொண்டு ஓயாமல் நச்சை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நாம் கூடுதலாக ஆக்சிஜன் கொடுத்தால் அந்தச் சக்கரத்தை நாமே வேகமாகச் சுழற்றுகிறோம்.

அதனால் கருவியில் ஆக்சிஜன் மிகவும் இறங்கினால்தான் கொடுப்பார்கள், அப்போதும் தேவைக்கு மேல் ஏற்றாமல் நிறுத்தப் பார்ப்பார்கள். இது அலட்சியமில்லை. ஆனால் பிழைக்க வழியில்லை என்று தெளிவாகிவிட்ட நோயாளிக்குத் திணறலைத் தணிக்க ஆக்சிஜனும் மார்ஃபினும் கொடுப்பது வேறு விஷயம். அப்போது கணக்குப் பார்க்கக் கூடாது.

8. இரத்தத்துல பாராகுவாட் அளவு 0.6-ன்னு வந்திருக்கு. நல்லதா கெட்டதா?

எத்தனையாவது மணியில் எடுத்தது என்று தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. 1979-இல் புரூட்ஃபுட் குழுவினர் 79 நோயாளிகளை வைத்து ஒரு கோடு வரைந்தார்கள். குடித்து 4 மணி நேரம் ஆனபோது லிட்டருக்கு 2.0 மில்லிகிராம், அதேபோல் 6 மணியில் 0.6, 10 மணியில் 0.3, 16 மணியில் 0.16, 24 மணியில் 0.1. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் பிழைத்தார்கள், மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் இறந்தார்கள். ஆக 0.6 என்பது 4 மணியில் நம்பிக்கை தரும் எண், 6 மணியில் சரியாகக் கோட்டிலேயே நிற்கும் எண், 12 மணியில் மோசமான எண்.

அலகையும் கவனியுங்கள். சில லேப் மி.லிட்டருக்கு நானோகிராமில் கொடுக்கும்: 600 நானோகிராம் என்றால் அதே 0.6 தான். மி.லிட்டருக்கு மைக்ரோகிராமும் லிட்டருக்கு மில்லிகிராமும் ஒன்றே. ஆயிரம் மடங்கு தப்பு இங்கேதான் நடக்கிறது.

9. டாக்டர் 'சிப்'னு ஒரு கணக்குப் போட்டு நல்லா இருக்குங்கறாரு, சார்ட்ல பாத்தா கோட்டுக்கு மேல இருக்கு. எதை நம்பறது?

சிப் என்பது 1988-இல் ஜப்பானில் சவாடா குழுவினர் சொன்ன கணக்கு: இரத்த அளவை, குடித்து ஆன மணியால் பெருக்குவது. 10-க்குக் கீழே என்றால் பிழைக்க வாய்ப்பு, 10 முதல் 50 வரை நுரையீரல் தழும்பால் தாமதமாக மரணம், 50-க்கு மேல் இரத்த ஓட்டம் சரிந்து சீக்கிரமே மரணம். 6 மணியில் 1.5 என்றால் சிப் 9, அதாவது பாதுகாப்புப் பக்கம். ஆனால் எட்டாம் பதிலின் கோட்டில் 6 மணிக்கு 0.6 தான் எல்லை. இரண்டும் முரண்படுகின்றன.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பழைய கோட்டை சிப் ஆக மாற்றினால் 4 மணியில் 8, 6 மணியில் 3.6, 10 மணியில் 3, 24 மணியில் 2.4 என்று வருகிறது. நேரம் போகப்போக அந்தக் கோடு கெடுபிடியாகிறது, சிப் எல்லாமணிக்கும் ஒரே 10-ஐ வைக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் காட்டினால் துணிந்து பேசலாம். நடுவே விழுந்தவரைப் பிழைக்கக்கூடியவராகவே நினைத்து முழுச் சிகிச்சையும் கொடுப்பதுதான் எங்கள் கருத்து. ஹீமோபெர்ஃப்யூஷன் (இரத்தத்தை வெளியே எடுத்து, விஷத்தை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வழியாக ஓட்டித் திருப்பி அனுப்பும் சிகிச்சை) தொடங்கிய பிறகு எடுத்த இரத்தத்தை இரண்டு கணக்கிலும் போடக் கூடாது. கார்ட்ரிட்ஜ் இரத்தத்தைச் சுத்தம் செய்திருக்கும், திசுக்களில் இருப்பது அப்படியே இருக்கும், சில மணியில் மறுபடி ஏறும்.

10. நுரையீரல் பிரச்சினைன்னு சொல்லிட்டு எதுக்கு கிட்னி டெஸ்ட்டையே அஞ்சாறு தடவை எடுக்கறாங்க?

இரத்தத்துக்குள் போன பாராகுவாட்டை வெளியேற்றும் முக்கிய வழி சிறுநீரகம். அது நன்றாக இருந்தால் உறிஞ்சப்பட்டதில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் வெளியேறிவிடும். அது கெட்டால் மருந்து இரத்தத்திலேயே சுற்றி நுரையீரலுக்குத் திரும்பத் திரும்பப் போகும். கிரியேட்டினின் எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் பார்க்க முடிகிற, ஆனால் நுரையீரலின் தலைவிதியையும் முன்கூட்டிச் சொல்லும் சோதனை. பாராகுவாட் அளவு பார்க்கும் வசதி எல்லா இடத்திலும் இல்லை என்பதால் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

பார்க்க வேண்டியது ஒற்றை எண்ணை அல்ல, ஏறும் வேகத்தை. ஐந்து மணி நேர இடைவெளியில் இரண்டு சாம்பிள் எடுங்கள். ஏற்றம் மணிக்கு லிட்டருக்கு 3 மைக்ரோமோலுக்குக் கீழே, அதாவது டெசிலிட்டருக்கு 0.034 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பிழைக்கும் பக்கம். உதாரணம்: 6-ஆம் மணியில் 0.9, 11-ஆம் மணியில் 1.4 என்றால் மணிக்கு 0.1, எல்லைக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. அதே 0.9 என்பது 1.0 ஆகியிருந்தால் மணிக்கு 0.02, தாங்கலாம். இரண்டு சாம்பிளையும் ஒரே லேபில், ஒரே மெஷினில் ஓட்டுங்கள். முதலாவது சிதம்பரத்திலும் இரண்டாவது புதுச்சேரியிலும் எடுத்தால் 0.1, 0.2 வித்தியாசம் மெஷினாலேயே வந்துவிடும். வாந்தி, பேதியில் நீர் வற்றியவருக்கும் கிரியேட்டினின் ஏறும், சலைன் போட்ட பிறகு திரும்பப் பாருங்கள்.

11. நுரையீரலுக்குன்னே தனி இரத்த டெஸ்ட் இருக்கா?

இருக்கிறது. காற்றறையின் சுவரில் இரண்டு வகைச் செல்கள். தட்டையான முதல் வகை வழியாக வாயு போய்வருகிறது. உருண்டையான இரண்டாம் வகை, அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பைச் சுரக்கிறது, முதல் வகை செத்தால் பிள்ளை பெற்று அதன் இடத்தை நிரப்புகிறது. பாராகுவாட் இரண்டையும் கொல்லும். அப்போது உள்ளே இருக்க வேண்டிய புரதங்கள் சுவரைத் தாண்டி இரத்தத்தில் கசிகின்றன.

எஸ்பி-ஏ, எஸ்பி-டி இரண்டும் அந்த வழுவழுப்போடு சுரக்கும் புரதங்கள். கேஎல்-6 இரண்டாம் வகைச் செல்லின் மேல்தோலில் நிற்கும் பெரிய மூலக்கூறு, செல் புதுப்பிக்கப் போராடும்போது அதிகமாகும். ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டு, நுரையீரல் தழும்பு நோய்களைத் தொடர்ந்து கவனிக்க அங்கே பல்லாண்டாகப் பயன்படுகிறது. சிசி16 என்பது மூச்சுச் சிறுகுழல்களில் உள்ள கிளப் செல்லின் புரதம், மிகச் சிறியது. சேதம் தொடங்கியதும் சீக்கிரம் கசியக்கூடியது.

ரிப்போர்ட்டில் காணும் எல்லைகள் பெரும்பாலும் ஜப்பானிய வழக்கம்: கேஎல்-6 மி.லிட்டருக்கு 500 யூனிட், எஸ்பி-டி 110 நானோகிராம், எஸ்பி-ஏ 43.8 நானோகிராம். இவை நாள்பட்ட நுரையீரல் தழும்பு நோயைப் பிரித்தறிய வைத்தவை, பாராகுவாட்டில் பிழைப்பாரா என்று சொல்ல வைத்தவை அல்ல. எல்லையைத் தாண்டியதா என்பதை விட, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்த எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதே பயன். அதற்கு முதல் நாள் சாம்பிள் ஒன்று கட்டாயம் வேண்டும்.

12. சிசி16 மூணு மடங்கு ஏறியிருக்கு, எஸ்பி-டி கொஞ்சமும் ஏறல. எது பொய் சொல்லுது?

இரண்டும் பொய் சொல்லவில்லை. கிரியேட்டினினைப் பாருங்கள். சிசி16 ஏறக்குறைய 16 கிலோடால்டன் எடைதான், சிறுநீரகத்தின் வடிகட்டி வழியாக எளிதில் வெளியேறும். சிறுநீரகம் படுத்துவிட்டால் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கும், நுரையீரல் நன்றாக இருந்தாலும் கூட. பாராகுவாட்டில் சிறுநீரகம் கெடுவது வழக்கம் என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். எஸ்பி-டியும் கேஎல்-6-உம் பெரிய மூலக்கூறுகள், வடிகட்டியில் நுழையாதவை. கிரியேட்டினின் ஏறியவருக்கு அவற்றை நம்புங்கள், சிசி16-ஐ ஓரம் வையுங்கள்.

13. அப்பாவுக்கு முன்னாடி டிபி வந்திருக்கு, பீடியும் குடிப்பாரு. இந்த டெஸ்ட் சரியா வருமா?

முன்னமே ஏறியிருக்கலாம். பழைய டிபி தழும்பு, நாள்பட்ட பீடிப் பழக்கம், நிமோனியா, சில புற்றுநோய்கள் கேஎல்-6-ஐயோ எஸ்பி-டியையோ உயர்த்தும். சிசி16 புகைப்பவருக்குக் குறைவாகவே இருக்கும். அவருடைய முதல் நாள் எண்ணே அவருக்கு அளவுகோல், அச்சிட்ட எல்லை அல்ல.

நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து போட்டவருக்கு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கேஎல்-6 திடீரென ஏறினால், தழும்பு என்று முடிவு கட்டும் முன் நியூமோசிஸ்டிஸ் போன்ற தொற்று இல்லையா என்று பாருங்கள். அதற்கு மருந்து உண்டு.

14. இன்டர்லூகின், டிஜிஎஃப்-பீட்டா, எம்டிஏ இதெல்லாம் படிச்சோம். எடுத்துப் பாக்கலாமா?

ஆராய்ச்சிக்குப் பாருங்கள், சிகிச்சைக்குத் தேவையில்லை. இன்டர்லூகின்-6 அழற்சியைச் சொல்லும், ஆனால் சாதாரணத் தொற்றிலும் ஏறும். டிஜிஎஃப்-பீட்டா தழும்பு போடச் சொல்லும் சமிக்ஞை. இரத்தத் தட்டணுக்களில் நிறைய இருப்பதால் இரத்தம் உறைந்த சீரத்தில் பொய்யாக உயரும், பிளாஸ்மாவில்தான் அளக்க வேண்டும். எம்டிஏ கொழுப்பு கருகிய கணக்கு, சாம்பிள் மேஜையில் கிடந்தாலே கூடும். செல் சிதைந்தால் கசியும் நொதியான எல்டிஎச் மலிவு, ஆனால் ஊசி போடும்போது இரத்தம் சிதைந்தாலே ஏறிவிடும். அந்தப் பணத்தில் லாக்டேட்டும் தமனி இரத்த வாயுச் சோதனையும் எடுங்கள். முதல் நாளே லாக்டேட் உயர்ந்திருப்பது கெட்ட அறிகுறி.

15. எக்ஸ்ரே சுத்தமா இருக்குன்னாங்க, மூணு நாள்ல மோசம்னாங்க. முதல்ல தப்பாப் பாத்துட்டாங்களா?

தப்பாகப் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் ஓரிரு நாள் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். எச்ஆர்சிடி ஸ்கேனில் பனிமூட்டம் போன்ற வெண்மை அதற்கு முன்பே தெரியும், பிறகு அது கெட்டியாகி வலைபோலத் தழும்பாகும். ஸ்கேனில் நெஞ்சு நடுவே காற்று கசிந்திருப்பது தெரிந்தால் மிகக் கெட்ட அறிகுறி. முதல் நாள் ஒன்று, ஐந்தாறு நாளில் ஒன்று என்று எடுத்து மார்க்கர்களோடு சேர்த்துப் பாருங்கள். எண் ஏறி ஸ்கேனும் படர்ந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

16. மச்சான் மருந்து அடிக்கும்போது ஸ்ப்ரேயர் ஒழுகி முதுகெல்லாம் நனைஞ்சுபோச்சு. அவருக்கும் இதெல்லாம் பாக்கணுமா?

காயமில்லாத தோல் வழியாகப் பாராகுவாட் கொஞ்சமே உள்ளே ஏறும். தெளிப்பான் துளிகளும் காற்றறை வரை போகாத அளவுக்குப் பெரியவை, மூக்கில் இரத்தமும் தொண்டை எரிச்சலும் வரும், அவ்வளவே. ஆனால் நனைந்த சட்டையோடு மணிக்கணக்கில் நின்றிருந்தால், தோலில் புண்ணோ சிராய்ப்போ இருந்தால், கலக்காத மருந்தே பட்டிருந்தால் நிலைமை வேறு. கழுவிவிட்டு சிறுநீரில் ஐந்தாம் பதிலின் சோதனை, கிரியேட்டினின் இரண்டு முறை. இரண்டும் சரியென்றால் போதும். கண்ணில் பட்டிருந்தால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவிக் கண் மருத்துவரிடம் போங்கள்.

17. சாம்பிள வேற ஊருக்கு அனுப்பணும். எப்படி அனுப்பறது?

பாராகுவாட் அளவுக்கு: கண்ணாடிக் குழாய் வேண்டாம். மருந்து கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாக வரும். பிளாஸ்டிக் குழாயில் எடுத்து, சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, இன்னொரு பிளாஸ்டிக் குழாயில் மாற்றி, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். நேரமானால் உறைய வைக்கலாம். கேஎல்-6, எஸ்பி-டிக்குப் பிரித்த சீரம், குளிர்பெட்டியில் ஓரிரு நாள் தாங்கும். உறைய வைத்ததை உருக்கி மறுபடி உறைய வைக்காதீர்கள், தேவையான எண்ணிக்கையில் முதலிலேயே பிரித்து வையுங்கள்.

லேபிளில் இரண்டு மணி: குடித்த மணி, எடுத்த மணி. ஹீமோபெர்ஃப்யூஷனுக்கு முன்பா பின்பா என்ற ஒரு சொல். இவை இல்லாத ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

18. டிஸ்சார்ஜ் ஆயிட்டாரு. இனிமே பயமில்லையே?

மூன்று வாரம் தாண்டி, ஆக்சிஜன் இறங்காமல், கேஎல்-6 ஏறாமல் இருந்தால் பெரிய கண்டம் கழிந்தது. ஆனாலும் நுரையீரல் கொஞ்சம் சுருங்கியிருக்கலாம். மூன்றாம், ஆறாம் மாதத்தில் ஊதும் பரிசோதனையும், வாயு கடக்கும் திறனை அளக்கும் டிஎல்சிஓ பரிசோதனையும் எடுங்கள். பலருக்கு மாதங்கள் போகப்போக முன்னேறும். ஆறு நிமிடம் நடக்கவிட்டு ஆக்சிஜனைப் பார்ப்பது எந்த சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடியது. உட்கார்ந்திருக்கும்போது 97, நடந்ததும் 90 என்றால் திரும்ப அனுப்புங்கள். பீடியை அன்றோடு நிறுத்த வேண்டும். வேறு எந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் பாராகுவாட் கதையைச் சொல்ல வேண்டும், தேவையில்லாமல் அதிக ஆக்சிஜன் வைக்காமலிருக்க.

தானே குடித்தவராக இருந்தால் நுரையீரல் மட்டும் தேறியது போதாது. மனநல மருத்துவரைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வீட்டில் மருந்தை வைக்காதீர்கள், கொல்லையில் பூட்டிய பெட்டியில் வையுங்கள், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். பேச ஆள் வேண்டும் என்றால் டெலி மானஸ் 14416, தமிழில் எந்நேரமும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-உம் உண்டு.

19. எண்ணெல்லாம் மோசம்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்கு டெஸ்ட் எடுத்துட்டே இருக்கணும்?

எடுக்க வேண்டாம். எட்டு, ஒன்பது, பத்தாம் பதில்களின் கணக்கு மூன்றுமே கைவிரித்துவிட்டால் நாளுக்கு நான்கு முறை கையில் குத்துவதால் நோயாளிக்கு எந்த நன்மையும் இல்லை. நோய் எதிர்ப்பை அடக்கும் கடும் சிகிச்சையும் 2018-இல் வெளிவந்த இலங்கை ஆய்வில் உயிர்களைக் காப்பாற்றவில்லை. இதை வீட்டாரிடம் உட்கார்ந்து, நேராகச் சொல்ல வேண்டும். நினைவு கடைசிவரை தெளிவாக இருக்கும் விஷம் இது, அவருக்கும் கேட்கும்.

அப்போது செய்ய வேண்டியவை வேறு: வாய்ப்புண்ணுக்கு மரத்துப்போகச் செய்யும் ஜெல், வலிக்கும் திணறலுக்கும் மார்ஃபின், கேட்டால் ஆக்சிஜன், பக்கத்தில் உட்கார அம்மாவுக்கோ மனைவிக்கோ ஒரு நாற்காலி. ஐசியூ நேரக் கட்டுப்பாட்டை அவர்களுக்குத் தளர்த்துங்கள்.